கோல் கம்பத்துக்குள் ஏழு வருடம்

1

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஒரு பெண்மணி எனக்குக் கோப்பி ஊற்றித் தந்துவிட்டு, என் மகள் ஏழு வருடமாகத் தவறான இடத்தில் நிற்கிறாள் என்று சொன்னார். மிகவும் மரியாதையாகச் சொன்னார். இந்த நாட்டில் வீட்டை விட்டு எழுப்புவதானாலும் மரியாதையாகத்தான் எழுதுவார்கள்.

நாங்கள் இருப்பது பிரான்சின் கிழக்கு எல்லையில், ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில். கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து வந்து இருபத்திரண்டு வருடம் முடிந்தது அதே கிழமையில்தான். கோப்பி ஊற்றியவர் ஒரு பெண்கள் உதைபந்தாட்டக் கழகத்தின் பணிப்பாளர். சும்மா ஞாயிற்றுக்கிழமைக் கழகம் இல்லை, மாதச் சம்பளம் கொடுத்து விளையாட வைக்கிற கழகம். என் மகள் ஸைனப்புக்குப் பத்தொன்பது வயது. பன்னிரண்டு வயதிலிருந்து எங்கள் பகுதி அணிக்கு அவள்தான் கோல் காப்பாளர். இந்தப் பெரிய கழகம் அவளை மூன்று வாரம் கூப்பிட்டுப் பரிசோதித்துப் பார்த்தது. முடிவைச் சொல்லத்தான் எங்கள் இரண்டு பேரையும் அழைத்திருந்தார்கள்.

"கோல் காப்பாளருக்கு வேண்டிய உயரம் உங்கள் மகளுக்கு இல்லை" என்றார் பணிப்பாளர். "ஆனால் அவளுடைய கால்கள் வேறு மாதிரி. பந்தைப் பிடித்த பிறகு அவள் கொடுக்கிற பாஸ் இருக்கிறதே, அப்படிக் கொடுக்க எங்கள் மத்தியகளத்தில் ஆள் இல்லை. அவளை அங்கே விளையாட வைக்க விரும்புகிறோம். இரண்டு வருட ஒப்பந்தம்."

மேசைக்குக் கீழே ஸைனப் என் கையைப் பிடித்து நெரித்தாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

"ஒரே ஒரு விஷயம்" என்று அவர் தொடர்ந்தார். "மத்தியகளத்தில் தொப்பி போட முடியாது. மற்றதும் முடியாது. விதியை நான் எழுதவில்லை, மேடம்."

மற்றது என்று அவர் சொன்னது முக்காட்டை. அதன் பெயரைச் சொல்லக்கூட அவருக்கு வாய் வரவில்லை.

என் பிரெஞ்சைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். நான் ஒரு அரசாங்கப் பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டு மண்டபத்தில் வேலை செய்கிறேன். பிரெஞ்சை ஆறு வயதுப் பிள்ளைகளிடம் படித்தவள். அவர்கள் எல்லோரையும் 'நீ' என்றுதான் கூப்பிடுவார்கள். அவசரம் வந்தால் என் வாயிலும் அதுதான் வரும். அன்றைக்கும் வந்தது.

"நீ எழுதவில்லை, சரி" என்றேன். "அதை மாற்றச் சொல்லி ஒரு நாளாவது நீ எழுதினாயா?"

ஸைனப் என் காலை மிதித்தாள். அந்தப் பெண்மணி கோபிக்கவில்லை. ஒரு படிவத்தை எங்கள் பக்கம் தள்ளி, வெள்ளிக்கிழமைக்குள் தாருங்கள் என்றார். பிறகு, சும்மா பேச்சுக்குத்தான், கேட்டார்: "இப்படிப்பட்ட கால்களை வைத்திருந்த பிள்ளையைக் கோலில் நிறுத்தியது யார்?"

"என்னுடைய முதல் பயிற்றுநர்" என்றாள் ஸைனப் பெருமையாக. "என் கைகளைப் பார்த்து அவராகத் தெரிவு செய்தார்."

நான் கோப்பிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2

ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்கு இந்த விதி விளங்காது. எனக்கும் இன்னும் முழுதாக விளங்கவில்லை. உலகத்தில் பெரும்பாலான இடங்களில் ஒரு முஸ்லிம் பெண் முக்காட்டோடு பந்து விளையாடலாம். பிரான்சில் போட்டி ஆட்டங்களில் அது கூடாது. தெருவில் போடலாம், பார்வையாளராக வந்து கத்தும்போது போடலாம். வெள்ளைக் கோட்டைத் தாண்டி உள்ளே கால் வைத்தால் கழற்ற வேண்டும்.

என் வேலை இடத்தைக் கேளுங்கள். அங்கேயும் முக்காடு கூடாது. ஆனால் சோற்றில் முடி விழக்கூடாது என்று ஒரு வெள்ளைத் தொப்பி தருவார்கள். காது வரைக்கும் இழுத்துப் போட வேண்டும். ஒரு முடி வெளியே தெரிந்தால் மேற்பார்வையாளர் வந்து உள்ளே தள்ளு என்பார். இறைவனுக்காக மூடினால் குற்றம், சுகாதாரத்துக்காக மூடாவிட்டால் குற்றம். முதல் நாள் அந்தத் தொப்பியைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டில் இருப்பதைவிட அதில் நன்றாக மூடியிருந்தேன்.

ஸைனப் பன்னிரண்டு வயதில் முக்காடு போடத் தொடங்கினாள். நான் போடச் சொல்லவில்லை. கொஞ்சம் பொறு என்றுகூடச் சொன்னேன். அவள் என் பிள்ளை, கேட்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் கழற்றுவாள், பின்னேரம் அதே வாசலில் திரும்பப் போடுவாள். அந்த வருடம்தான் பந்துப் பைத்தியமும் பிடித்தது. இரண்டையும் ஒன்றாக வைத்திருக்க வழி தேடி விதிப் புத்தகத்தை ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். அகராதியோடு மூன்று நாள் போனது.

அதில் இருந்தது. கோல் காப்பாளர் நீளக் களிசான் போடலாம். நீளக் கை போடலாம். கையுறை இருக்கவே இருக்கிறது. கண்ணில் வெயில் படாமல் தொப்பியும் போடலாம். வெயில் வேண்டும் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. தலைமயிரைத் தொப்பிக்குள் அள்ளிக் கட்டி, உயரமான கழுத்துள்ள சட்டையைப் போட்டால் முகம் மட்டும்தான் வெளியே. என் சோற்றுத் தொப்பியை நினைத்துக்கொண்டேன். அடுத்த நாளே எங்கள் பகுதி அணியின் பயிற்றுநரிடம் போய், என் மகளைக் கோலில் நிறுத்துங்கள் என்று கேட்டேன். அவருக்குக் கோல் காப்பாளர் கிடைக்காத கவலை, உடனே தலையாட்டினார். நான் கேட்டதாகப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டாம் என்றேன். அதற்கும் தலையாட்டினார்.

பிள்ளைக்கு நான் சொன்ன கதை வேறு. கோச் உன் கையைப் பார்த்து ஆசைப்பட்டார் என்றேன். கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டேன் என்று அப்போது எனக்கு எவ்வளவு பெருமை. அந்த விதிப் பக்கத்தைப் பிரதி எடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, அவளுடைய பையில் வைத்தேன். ஒரு நவம்பர் மாதம் கொட்டுகிற மழையில் ஒரு நடுவர் அவளிடம் வந்து, "வெயில் எங்கே?" என்று கேட்டார். "மழை கண்ணுக்குள் விழுகிறது, ஐயா" என்றாள் ஸைனப். அவர் அந்த உறை போட்ட தாளை இரண்டு தரம் வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார். நான் வேலிக்கு வெளியே குடை பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு நாட்டை ஏமாற்றிவிட்ட சந்தோஷம்.

ஆனால் ஏமாற்றியது நாட்டை இல்லை. அது எனக்குத் தெரிய ஏழு வருடம் எடுத்தது.

3

எங்கள் வீடு வெள்ளவத்தையில் கடல் பக்கத்து ஒழுங்கை ஒன்றில். ரயில் பாதையைத் தாண்டினால் கல்லும் கொஞ்சம் மணலும். அந்தக் கொஞ்ச மணலில் என் நானா, என் மூத்த சகோதரர், பந்து அடித்துப் பழகினார். அவருக்குக் கோல் காக்க ஆள் இல்லாத நேரம் நான் நிற்பேன். அவர் இல்லாத நேரம் நான் அடிப்பேன்.

நானா பிறகு கொட்டாஞ்சேனையில் ஒரு கழகத்துக்கு விளையாடினார். பந்துக்காகவே அவருக்குத் துறைமுகத்தில் வேலையும் கிடைத்தது. அந்த அணியில் பாதிப் பேர் பூசை முடிந்து வருகிற கத்தோலிக்கப் பொடியன்மார். மற்றவர்கள் எங்கள் ஆட்களும், கோயிலுக்குப் போய்த் திருநீறோடு வருகிற இரண்டு பேரும். ஒருவர் நெற்றியில் சிலுவை போடுவார், ஒருவர் மண்ணைத் தொட்டுக் கும்பிடுவார், நானா பிஸ்மில்லாஹ் சொல்லிக் கையில் ஊதிக்கொள்வார். நடுவர் பொறுமையாக நின்று, எல்லாரும் முடிச்சாச்சா என்று கேட்டு விசில் ஊதுவார்.

நோன்பு காலத்தில் ஒரு பின்னேர ஆட்டம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மைதானத்துக்கு எதிர் வீட்டு மேல்மாடியில், உம்மாவின் சிநேகிதி ரீட்டா அன்ரியின் ஜன்னலில் நின்று பார்த்தேன். ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கையில் நோன்பு துறக்கச் சொல்லிப் பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. எதிரணியில் முகத்துவாரத்து மீன்காரப் பொடியன் ஒருவர், அந்தோனி என்று பெயர், பந்து அவருடைய காலில். முன்னால் ஆளே இல்லை, நேரே போயிருக்கலாம். அவர் பந்தைத் தூக்கி வெளியே அடித்தார். "ஓய், நோன்ப துறங்க" என்று எங்கள் ஆட்களைப் பார்த்துச் சொன்னார். கோட்டோரம் பேரீச்சம்பழம் வந்தது, தண்ணீர் வந்தது. பிறகு நானாவின் அணி பந்தை அந்தோனியிடமே திருப்பிக் கொடுத்தது. கொடுத்த பந்தில் அவர் கோல் அடித்தார் என்பது வேறு கதை.

இதைச் சொல்லி, எங்கள் ஊர் சொர்க்கம் என்று எழுத நான் உட்காரவில்லை. ஜன்னலில் நின்று பார்த்தேன் என்று சொன்னேன் அல்லவா? பன்னிரண்டு வயதோடு எனக்கு மணலும் இல்லை, பந்தும் இல்லை. வாப்பா ஒரு நாள் வாசலில் நின்று, "இனிப் போதும் மகள்" என்றார். அடிக்கவில்லை, ஏசவில்லை. அதோடு முடிந்தது. அங்கே நான் பெண் என்பதால் வெளியே நின்றேன். இங்கே என் மகள் முக்காடு போட்டவள் என்பதால் வெளியே நிற்க வேண்டுமாம். இரண்டு பக்கத்தாரும் காரணத்தை மிக நல்ல குரலில்தான் சொல்கிறார்கள்.

4

கழகத்திலிருந்து வந்த அன்று பின்னேரமே நானாவின் அழைப்பு வந்தது. என் கணவர் ஒரு உணவகத்தில் சமையல்காரர். சந்தோஷம் தாங்காமல் வேலையில் இருந்தபடியே ஊருக்குச் செய்தி அனுப்பிவிட்டார்.

"சம்பளத்துக்கு வெளாட எடுக்கிறாங்களாம், உண்மையா?" என்றார் நானா.

"ஓம் நானா. ஆனா ஸ்காஃப கழட்டட்டாம்."

"அது தெரிஞ்சதுதானே. நான் செல்றத கேளு. ஸ்காஃப் போட்டாலும் சரி, போடாட்டியும் சரி, ஆம்புளயள் பாக்க வளந்த பொம்புளப் புள்ள ஓடுற நமக்கு சரிவராது. பள்ளியில நாலு பேர் கேட்டா நான் என்னத்த செல்ற?"

எனக்கு வந்த கோபத்தை முப்பது வருடமாகச் சேர்த்து வைத்திருந்தேன் போல.

"நானா, ஆம்புளக்கி எங்கேந்து எங்க வரைக்கும் மறைக்கோணும்?"

பதிலையும் நானே சொன்னேன்.

"தொப்புள்ளேந்து முழங்கால் வரைக்கும். ஓதிக்குடுத்த லெப்பை ஒங்களுக்கும் அதத்தானே சொன்னார்? கொட்டாஞ்சேனையில ஒங்கட தொடைய முழு ஊரும் பாத்திச்சி. நானும் ரீட்டா அன்ரிட ஜன்னல்ல நிண்டு கண்டன். பள்ளியில யாராவது கேட்டாங்களா?"

"அது வேற" என்றார் நானா.

"எனக்கு வெளங்கல்ல என்ன வேற எண்டு. வெளங்கப்படுத்த ஏலுமெண்டா எடுங்க" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். அவர் பிறகு எடுக்கவில்லை.

வைத்துவிட்டுத் திரும்பினால் ஸைனப் கதவடியில் நிற்கிறாள். முகமெல்லாம் சிரிப்பு. "உம்மா, நீங்கதான் என்ட பெரிய ஃபேன்" என்று வந்து கட்டிப்பிடித்தாள். அவள் அப்படிக் கட்டிப்பிடிக்காமல் இருந்திருந்தால் நான் சொல்லியிருக்க மாட்டேன். அதற்கு மேல் மறைக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

"மகள், கோச் ஒங்கட கையப் பாக்கல்ல" என்றேன். "நான்தான் கேட்டன். கோல்ல நிண்டா களிசான் போடலாம், தொப்பி போடலாம் எண்டு பாத்துக் கேட்டன்."

அவள் கையை எடுத்தாள்.

"அப்ப நான் நல்லா பிடிக்கிறன் எண்டு...?"

"பிடிக்கிறீங்க. பொறகு நல்லாப் பழகிட்டீங்க. முதல்ல அப்பிடி இல்ல."

"நான் எங்க வெளாட ஆசைப்பட்டன் எண்டு நீங்க ஒரு நாளும் கேக்கல்ல உம்மா."

கேட்கவில்லை. அது உண்மை. மூடுவதற்கு இடம் தேடினேன், அவளுக்கு எது பிடிக்கும் என்று தேடவில்லை. அவள் அறைக்குள் போனாள். புதன்கிழமை முழுக்க என்னோடு பேசவில்லை. தகப்பனிடம் உப்பு எங்கே என்று கேட்டாள், என்னிடம் அதையும் கேட்கவில்லை. சாப்பாட்டு மேசையில் அந்தப் படிவம் கிடந்தது. ஒரே ஒரு கையெழுத்துப் போட்டால் இரண்டு வருடச் சம்பளம். அவள் கழற்றிவிட்டுப் போய்க் கையெழுத்துப் போட்டால் நான் என்ன சொல்வது? தடுக்க எனக்கு என்ன உரிமை மிச்சம்? அவளுடைய தகப்பனிடம் கேட்டேன்.

"அவட தல, அவட கால்" என்றார் அவர். "நீ சும்மா இரி."

5

வியாழக்கிழமை காலை ஸைனப் தானாகவே பேசினாள். "ஆத்துக்கு அங்கால ஒரு கிளப்ல இண்டைக்கி ஆள் எடுக்கிற தெரிவு, யாரும் போகலாம். நான் போறன்."

எங்கள் நகரத்தில் ட்ராமில் ஏறினால் ரைன் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஜெர்மனியில் இறங்கலாம். யாரும் கடவுச்சீட்டுக் கேட்பதில்லை. மலிவு விலைச் சவர்க்காரம் வாங்க நான் மாதம் இரண்டு தரம் போய் வருகிறேன். அந்தப் பாலத்தை வேறு எதற்கும் நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. ஸைனப் சொன்ன கழகம் பாலத்துக்கு அப்பால் ரயிலில் இன்னும் ஒரு மணி நேரம்.

"நானும் வரட்டா?" என்று கேட்டேன்.

"வாங்க. ஆனா ஒண்டும் பேசப்படாது."

வேலைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டுப் போனேன். இருபத்திரண்டு வருடத்தில் சொன்ன முதல் பொய்யான சுகயீனம். மைதானத்தில் முப்பது பெண்பிள்ளைகள். ஸைனப் தொப்பி எடுத்து வரவில்லை. கறுப்பு நிறத்தில் இழுபடுகிற துணி முக்காடு, நீளக் காலுறைக்குள் விட்ட கறுப்பு லெகின்ஸ், மேலே காற்சட்டை. பயிற்றுநர் நரைத்த கட்டைத் தலைமயிருள்ள ஒரு பெண். பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டு வந்தவர் ஸைனப்பின் முன்னால் நின்று, அவளுடைய தலையைப் பார்த்தார். பேசாதே என்று சொல்லியிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

"முக்காட்டில் ஊசி குத்தியிருக்கிறாயா?" என்று பிரெஞ்சில் கேட்டார். "ஊசி ஆபத்து."

"இல்லை" என்றாள் ஸைனப்.

"நல்லது. எந்த இடம்?"

"மத்தியகளம்."

அவ்வளவுதான் கேள்வி. எழுதிக்கொண்டு அடுத்தவளிடம் போய்விட்டார். ஏழு வருடம் நான் உறை போட்டுக் காவித் திரிந்த அந்தத் தாளுக்கு அங்கே வேலையே இல்லை.

ஆட்டம் தொடங்கியது. அவள் ஓடுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். கோல் கம்பத்துக்கு முன்னால் இரண்டடி அங்கும் இங்கும் போவதைப் பார்த்த கண் எனக்கு. முதல் கால்மணி நேரத்தில் மூன்று பாஸ் கொடுத்தாள். மூன்றாவதுக்குப் பயிற்றுநர் தன் உதவியாளரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மூச்சு முட்டியது. இருபதாவது நிமிடத்தில் முழங்காலில் கை ஊன்றி நின்றாள். மற்றப் பிள்ளைகள் அவளைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். ஒரு தரம் விழுந்தாள், எழுந்து வர நேரம் எடுத்தது. கோல் காப்பாளரின் மூச்சு அது, நான் வளர்த்த மூச்சு. அந்த மைதானத்தில் எல்லோருடைய கண்ணுக்கும் முன்னால் என் தவறு வேர்த்து ஒழுகிக்கொண்டு நின்றது.

முடிந்ததும் பயிற்றுநர் அவளைக் கூப்பிட்டார். நானும் கிட்டப் போனேன்.

"கால் இருக்கிறது. மூச்சு இல்லை" என்றார். "இப்போது ஒப்பந்தம் தர முடியாது. இரண்டாவது அணியோடு ஆறு மாதம் பயிற்சி செய். சம்பளம் இல்லை, ரயில் செலவும் உன்னுடையது. ஆறு மாதத்தில் தொண்ணூறு நிமிடம் ஓடினால் பேசலாம். ஓடாவிட்டால் வீட்டுக்குப் போகலாம்."

"வருகிறேன்" என்றாள் ஸைனப். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

6

திரும்பி வருகையில் ட்ராம் பாலத்தில் ஏறியபோது, "என்னாலதான் மகள்" என்றேன்.

"ஓம். ஒங்களாலதான்" என்றாள்.

இல்லை உம்மா, பரவாயில்லை உம்மா என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அவளை அப்படி வளர்த்ததும் நான்தான். கொஞ்ச தூரம் போனதும் சேறு காய்ந்த கையை என் மடியில் வைத்தாள்.

"இனி எனக்கு ஒளியிறதுக்கு எடம் தேடித் தராதீங்க உம்மா. நான் ஒண்டும் களவெடுக்கல்ல."

சரி என்றேன். அதைச் சொல்லவே எனக்கு மூச்சு வாங்கியது.

வெள்ளிக்கிழமை காலை அவள் படிவத்தை எடுத்தாள். கையெழுத்துப் போடுகிற இடத்தை வெறுமையாக விட்டாள். கீழே குறிப்பு எழுதக் கொஞ்சம் இடம் இருந்தது. அதில் பிரெஞ்சில் எழுதி, எனக்குத் தமிழில் சொன்னாள்: "என் காலை எடுக்க விரும்பினால் என் தலையையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். விதி மாறினால் கூப்பிடுங்கள், என் விலாசம் உங்களிடம் இருக்கிறது."

இன்னும் கொஞ்சம் மரியாதையாக எழுதலாமே என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். தபாலில் போட்டுவிடட்டா என்று மட்டும் கேட்டேன்.

"வேணாம். நான் கையில குடுக்கிறன்."

முக்காட்டைக் கட்டினாள், சப்பாத்தைக் கட்டினாள், படிவத்தை மடித்து மேல்சட்டைக்குள் வைத்தாள். கழகத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து ட்ராமில் ஒன்பது தரிப்பிடம். நான் ஜன்னலடியில் நின்று பார்த்தேன். ட்ராம் வந்து, கதவு திறந்து, மூடிக்கொண்டு போனது. அவள் ஏறவில்லை. அதற்குப் பக்கத்தில், நடைபாதை நடுவில், ஆட்கள் விலகி வழிவிட, ஓடினாள்.